சுவரோடு நாற்பது நிமிடம்

ஜூலை 7, திங்கள்

டாக்டர் மெஹருன்னிசா சொல்லித்தான் இந்த நோட்டு. "எத்தனை நிமிஷம் நின்னே, எவ்வளவு தண்ணி குடிச்சே, தலை சுத்திச்சா இல்லையா. மூணே விஷயம். கதை எழுத வேண்டாம்" என்றார். நூலகத்தில் வேலை பார்க்கிறவளிடம் புது நோட்டைக் கொடுத்துவிட்டுக் கதை எழுதாதே என்றால் எப்படி?

விஷயம் இதுதான். எனக்கு இருபத்தொன்பது வயது. பதினாலு வயதிலிருந்து, அதிக நேரம் நின்றால் மயங்கி விழுவேன். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் விழுந்தேன், ரேஷன் கடை வரிசையில் விழுந்தேன், சமயபுரத்தில் அம்மன் முகம் தெரிகிற தூரத்துக்கு வந்து விழுந்தேன். ஒரு நிமிடம்தான். எழுந்து உட்கார்ந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைத் தவிர. நாற்காலி இருக்கிற வேலையாகத் தேடிப் பரீட்சை எழுதித்தான் உறையூர்க் கிளை நூலகத்துக்கு வந்து சேர்ந்தேன்.

ஆகஸ்ட் 29 எனக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை மேடையில் நிற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு என் மயக்கம் தெரியாது, தெரியவும் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. விழுந்தால் அந்த மேடையில்தான் விழுவேன். அதுவும் தாலி ஏற ஒரு ராத்திரி பாக்கி இருக்கும்போது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் என்னை ஒரு கட்டிலில் பட்டை போட்டுக் கட்டி, கட்டிலோடு நிமிர்த்தி நிற்க வைத்துப் பார்த்தார்கள். இருபத்திரண்டாவது நிமிடம் போய்விட்டேன். "வலிப்பு இல்ல, இருதயமும் நல்லா இருக்கு. நிக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குது. மத்தவங்க உடம்பு அத உடனே மேல ஏத்திவிட்டுடும். உன் உடம்பு கொஞ்சம் தூங்குமூஞ்சி, பழக்கணும்" என்றார் டாக்டர். தினமும் இரண்டு வேளை சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலை அரை அடி முன்னால் வைத்து, அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து நாற்பது வரை. பக்கத்தில் மெத்தை, துணைக்கு ஆள். காலையில் நடை. குதிகால் தூக்கும் பயிற்சி. மூன்று லிட்டர் தண்ணீர். உப்பு கூடுதலாக.

"மாத்திரை இல்லையா டாக்டர்?"

"அது அப்புறம். முதல்ல சுவரு."

நின்றால் விழுகிறவளுக்கு வைத்தியம் நிற்பது. நல்ல கூத்து.

ஜூலை 8, செவ்வாய்

5 நிமிடம். படுக்கையறை மேற்குச் சுவர். அம்மா மெத்தையை இழுத்துப் போட்டுவிட்டு, "என்னங்க, நீங்க இருங்க அவகூட" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். அமிலம் கொதிப்பதைப் பார்க்கிற மாதிரியே என்னையும் பார்த்தார். நான்காவது நிமிடம் மூக்கு அரித்தது. அசையக் கூடாதாம். சுவரில் நிற்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று பல்லிக்குத் தெரியுமா?

ஜூலை 10, வியாழன்

7 நிமிடம். தண்ணீர் இரண்டரை லிட்டர். நூலகத்தில் பாத்ரூமுக்கு ஒன்பது தடவை. பத்திரிகைப் பகுதிப் பெரியவர் ஒருவர் சர்க்கரை பார்த்தாயா அம்மா என்று கேட்டார்.

ஜூலை 12, சனி

9 நிமிடம்.

அம்மா ஏன் இப்படி மறைக்கிறாள் என்று எழுதாவிட்டால், பின்னால் படிக்கிற எனக்கே அவள்மேல் கோபம்தான் வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு வரன் பார்க்க வந்தார்கள். காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. பலகாரத் தட்டோடு நின்றேன், அந்த வீட்டுப் பெரியவர் என்னென்னவோ கேட்டுக்கொண்டே போனார், விழுந்தேன். அது கூடப் பரவாயில்லை. லால்குடிப் பெரியம்மா, அம்மாவின் அக்கா, பாய்ந்து வந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்தாள். அவளுக்கு இந்தச் சாவி வைத்தியம் எங்கிருந்து பழகியதோ, யாராவது தள்ளாடினாலே கை தானாக இடுப்புக்குப் போகும். வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்தார்கள். காக்கா வலிப்பு என்று உறுதி செய்துகொண்டு காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எங்கள் வாசலுக்கு எந்த வரனும் வரவில்லை.

இந்தச் சம்பந்தம் புதுக்கோட்டை. அவர்களுக்கு மண்ணச்சநல்லூரில் யாரையும் தெரியாது. அம்மா கும்பிடுகிற எல்லா சாமிக்கும் இதற்காகத் தனியாக ஒரு நன்றி போகிறது.

ஜூலை 14, திங்கள்

11 நிமிடம். மாப்பிள்ளை பெயர் இளம்பரிதி. நில அளவைத் துறையில் சர்வேயர். சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் பண்ணுகிறார். நான் சுவரில் நிற்கிற நேரம். "என்ன பண்றீங்க?" என்றார். என் பார்வை இஸ்திரிப்பெட்டிமேல் விழுந்தது. துணி தேய்க்கிறேன் என்றேன். அவர் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வேலையாம், கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு. "நிக்கிறதுன்னா எனக்குப் பிரச்சினையே இல்லீங்க. எட்டு மணி நேரம்கூட நிப்பேன்" என்றார் பெருமையாக. நில்லுங்கள் சார், நில்லுங்கள்.

ஜூலை 15, செவ்வாய்

12 நிமிடம். ஏழு மணிக்குப் போன் வந்தது. ஏழே காலுக்கு வைத்தார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கல்யாணப் பெண் மாவிளக்கு போட வேண்டும், அதுவும் வெறும் வயிற்றோடு, தண்ணீர்கூடப் படாமல் என்றாள் அம்மா. டாக்டர் திட்டுவார் என்றேன். "சாமிக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும்?" என்றாள். வெக்காளியம்மன் கோயில் வரிசையில் நாற்பது பேருக்குப் பின்னால் நான். அம்மா வரிசைக்கு வரவில்லை, ஓரமாகப் படியில் உட்கார்ந்துகொண்டாள். எப்போதும் அப்படித்தான், கோயில் கோயிலாகப் போவாள், ஒரு வரிசையிலும் நிற்கமாட்டாள், மூட்டு வலியாம்.

விழுந்தேன். மாவிளக்கு கவிழ்ந்து நெய் புடவையெல்லாம். பத்து நாள் சுவரில் நின்றதெல்லாம் போச்சு.

ஆட்டோவில் வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்: "முதல்ல கண்ணு ஓரம் மங்கிச்சா? அப்புறம் காது அடைச்சு, சத்தமெல்லாம் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருந்துச்சா?"

ஆமாம் என்றேன். டாக்டர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

ஜூலை 19, சனி

டாக்டர் திட்டினார். எனக்கு வலிக்காத மாதிரி, அம்மாவுக்கு வலிக்கிற மாதிரி. பிறகு என்னிடம்: "மயக்கம் வருதுன்னு தெரிஞ்சதும் காலைப் பின்னிக்கோ, தொடைய நல்லா இறுக்கு, ரெண்டு கையையும் கோத்து இழு. அதுல பாதி தடவை தப்பிச்சிடலாம். அதையும் மீறி வந்தா விழாதே, படு. விழுறது உன் கையில இல்ல. படுக்கிறது உன் கையில." மறுபடி 5 நிமிடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். சலிப்பாக இருக்கிறது. அழ வேண்டும் போலவும் இருக்கிறது, அதற்கும் தெம்பில்லை.

ஜூலை 22, செவ்வாய்

8 நிமிடம். நடை அரை மணி, உய்யக்கொண்டான் கரையில், அப்பாவோடு. அப்பா பேசவில்லை. நானும் பேசவில்லை. நன்றாக இருந்தது.

ஜூலை 26, சனி

14 நிமிடம். இன்று அம்மாவோடு சண்டை, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு. எங்கள் அடுக்களையில் உயரமான மர ஸ்டூல் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பழசை ஏலம் விட்டபோது அப்பா தூக்கிக்கொண்டு வந்தது. அம்மா அதில் ஏறி உட்கார்ந்துதான் சமைப்பாள். எனக்கு நினைவு தெரிந்து அவள் நின்று தோசை வார்த்ததில்லை. நான் சமைக்கிறேன், ஸ்டூலைக் கொடு என்றேன். "உனக்கெதுக்கு? நீ நின்னு பழகு" என்றாள். நீ மட்டும் உட்காரலாமா என்றால் மூட்டு வலி. ஆனால் மத்தியானம் தூறல் போட்டதும், மாடியில் காயும் வடகத்தை எடுக்க இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினாள். நல்ல மூட்டு வலி!

ஆகஸ்ட் 1, வெள்ளி

21 நிமிடம். அதில் பதினேழு நிமிடம் போனில் போனதால் தெரியவில்லை. ஒரு கிராமத்தில் வரப்புச் சண்டையாம். இவர் அளந்து கல் நட்டுவிட்டு வந்த பிறகு, இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்து கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம். "ரெண்டு பேரையும் ஒத்துமையாக்கிட்டேன் பாருங்க" என்று சிரித்தார். சுவரில் நிற்கும்போது சிரிக்கலாமா கூடாதா என்று டாக்டரிடம் கேட்கவில்லை.

"இன்னைக்கும் துணி தேய்க்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வாய் கசந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

24 நிமிடம்.

அவரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவ்வளவு பயந்துபோய் நான் அவளைப் பார்த்ததில்லை.

"சொல்லாதடி. ஒரு தடவ தாலி ஏறிட்டா அப்புறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுவரைக்கும் பல்லக் கடிச்சிக்க."

"அப்புறம்? வாழ்நாள் பூரா மறைச்சிக்கிட்டே இருக்கணுமா?"

"இருக்கலாம். முடியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்திரண்டு வருஷமா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "முப்பத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்துறேன்ல, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

தினமும் ஒரு பொய். போன் வரும்போதெல்லாம் இஸ்திரிப்பெட்டியைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறதா என்றெல்லாம் யாரும் கேட்க வேண்டாம். பொய் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, சனி

28 நிமிடம். நான் நிற்கிற இடத்தில், சுவரில் என் தலை எண்ணெய் வட்டமாகக் கறை பிடித்திருக்கிறது. அதற்கு நாலு விரல் கீழே இன்னொரு வட்டம். சில நாள் கூன் போட்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. நேராக நிற்க வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரத்துணியால் அவசர அவசரமாகத் துடைத்து, இரண்டையும் ஒரே பெரிய கறையாக ஆக்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

30. கால் வீக்கம். தூக்கம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நூலகத்தில் கொடியேற்றம். வாசகர் வட்டத் தலைவர் இருபத்தாறு நிமிடம் பேசினார். வெயிலில் நின்று முழுசாகக் கேட்டேன். ஒரு சொல்கூட நினைவில்லை, ஆனால் நின்றேன்! கண் ஓரம் ஒரு தடவை மங்கியது. காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கினேன், போய்விட்டது. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அது வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. மிட்டாய் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னபோது தலையை ஆட்டினார். அம்மா அடுக்களையிலிருந்தே கேட்டாள்: "தொடைய எவ்வளவு நேரம் இறுக்கினே?"

ஆகஸ்ட் 20, புதன்

40 நிமிடம். நாற்பது! அப்பா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "போதும்மா, சுவரு பயந்துடும்" என்றார். இந்த வருடத்தில் அவர் பேசிய நகைச்சுவை இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

40. லால்குடிப் பெரியம்மா வந்து இறங்கியாயிற்று. நடக்கும்போது சாவிக்கொத்து சத்தம் போடுகிறது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

நிற்கவில்லை. நடக்கவில்லை. வீடு நிறைய ஆட்கள். யாரோ என் மெத்தையில் தூங்குகிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன், மத்தியானம் மூன்று மணி

மண்டபம். மேக்கப் பண்ண பிளெஸ்ஸி அக்கா வந்திருக்கிறார். தலையில் மட்டும் நாற்பத்தெட்டு கொண்டை ஊசி. தண்ணீர் கேட்டேன். "உதட்டுச் சாயம் போயிடும்மா, இனிமே வேணாம்" என்றார். அம்மாவைப் பார்த்தேன். "இந்தப் பட்டுப் புடவையில பின்னெல்லாம் குத்தினப்புறம் எப்படிடி பாத்ரூம் போவே? ஒன்பதரை வரைக்கும் பொறுத்துக்க" என்றாள். ஏழு வாரம் குடத்துத் தண்ணீரை ஊற்றி வளர்த்த உடம்பு. சண்டை போட்டிருக்க வேண்டும். எல்லாக் கல்யாணப் பெண்ணும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி, காலை நாலே கால்

பிளெஸ்ஸி அக்கா இன்னும் வரவில்லை. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்கு மேடை ஏறினோம். முதல் ஒரு மணி நேரம் நான் ராணி மாதிரி நின்றேன். இரண்டாவது மணி நேரம் புடவைக்கு அடியில் என் கால்கள் படாத பாடு பட்டன. குதிகாலைத் தூக்கினேன், காலைப் பின்னினேன், தொடையை இறுக்கினேன். "மேடம், கொஞ்சம் ஆடாம நில்லுங்க" என்று போட்டோக்காரர் கெஞ்சினார். முகத்தில் நாலு விளக்கு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வரிசை குறையவே இல்லை. கை குலுக்கி, சிரித்து, பூங்கொத்தை வாங்கி, அடுத்த குடும்பம், அடுத்த குடும்பம். பரிதி பக்கத்தில் கல் நட்ட மாதிரி நின்றார்.

எட்டு மணி தாண்டியதும் உதட்டுக்கு மேலே குளிர்ந்த வேர்வை. கண் ஓரம் மங்கியது. காலைப் பின்னினேன், கையைக் கோத்து இழுத்தேன். போகவில்லை. காது அடைத்தது. இன்னிசைக் குழுப் பாடகியின் குரல் கிணற்றுக்குள் போனது. முதல் வரிசையில் பெரியம்மா எழுந்திருப்பது தெரிந்தது. கை இடுப்புக்குப் போய்விட்டது.

சாவிக்கொத்து என் கையில் வரப்போகிறது, நானூறு பேர் பார்க்கப் போகிறார்கள். மண்ணச்சநல்லூர் மறுபடியும். அந்த நொடியில் எனக்குப் பயத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது. போதும்டா சாமி, எத்தனை வருடம்! டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. படுக்கிறது என் கையில்.

பரிதியிடம், "நான் இப்ப படுக்கப் போறேன். பயப்படாதீங்க" என்றேன். மேடைக் கம்பளத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கி அந்த மகாராஜா நாற்காலியின் மெத்தைமேல் வைத்தேன். பட்டுப் புடவை, ஒட்டியாணம், சூரியப் பிரபை, சந்திரப் பிரபை எல்லாவற்றோடும்தான். பாட்டு பாதியில் நின்றது.

மயக்கம் வரவில்லை. படுத்ததும் ரத்தம் திரும்பி வருவது எனக்கே தெரிந்தது. பெரியம்மா மேடையேறி, "இரும்பக் குடுங்க, கையில இரும்பக் குடுங்க!" என்று கத்தினாள்.

"பெரியம்மா, சாவிய இடுப்புலயே வைங்க. எனக்கு வலிப்பு இல்ல" என்றேன், படுத்தபடியே.

பரிதியின் அம்மா மங்கையர்க்கரசி வந்து குனிந்து பார்த்தார். என் அம்மா முந்திக்கொண்டாள்: "ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, காலையிலேருந்து விரதம், பச்சத் தண்ணி குடிக்கல, அதான்..."

"இல்லீங்கத்தை" என்றேன். "பதினாலு வயசுலேருந்து இருக்கு. ரொம்ப நேரம் நின்னா மயக்கம் வரும். டாக்டர் கிட்ட பயிற்சி எடுக்கிறேன். உங்ககிட்ட சொல்லாம மறைச்சோம். தண்ணியும் உப்பும் குடுத்தா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும். மத்தது உங்க முடிவு."

பரிதி என்னைப் பார்த்தார். மேடையை விட்டு இறங்கிப் போனார். கூட்டத்துக்குள் அவர் முதுகு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது, காதுக்குள் வழிந்தது. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டாம் என்று எழுதினேனே, பிடித்திருக்கிறது. நேற்று அந்தக் கம்பளத்தில் படுத்துக்கொண்டுதான் எனக்கே தெரிந்தது.

"முன்னாடியே ஏங்க சொல்லல?" என்று மங்கையர்க்கரசி அத்தை அம்மாவைக் கேட்டார். சத்தம் போடவில்லை. கீழேயிருந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போன முகம். உதட்டுக்கு மேலே வேர்வை. பிடிமானம் தேடுகிற கை. இதை நான் எத்தனையோ தடவை உள்ளேயிருந்து அனுபவித்திருக்கிறேன், வெளியேயிருந்து பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அம்மா, உக்காரு!" என்று கத்தினேன்.

என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். பெரியம்மா சாவியை எடுத்துக்கொண்டு இந்தத் தடவை என்னிடம் வரவில்லை, நேராக அம்மாவிடம் போனாள். பழகிய கை. அம்மா அதைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கும் இருக்குங்க சம்பந்தி" என்றாள் தலையைக் குனிந்துகொண்டே. "எங்க வீட்டுலயும் சொல்லாமத்தான் கட்டிக் குடுத்தாங்க. நானும் சொல்லல. அவருக்கே தெரியாது. மகளும் இப்படியே சமாளிச்சிடுவான்னு நினைச்சிட்டேன்."

அப்பா மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தவர், மேடைக்கு வந்துவிட்டார். அம்மா சொன்னதைக் கேட்டார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

கோயில் வரிசை, மூட்டு வலி, ஸ்டூல், சுவரில் நாலு விரல் கீழே இருந்த கறை. நான் கூன் போட்டு நிற்கவில்லை. புத்தகம் அடுக்குகிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லை பாருங்கள்.

அப்போது பரிதி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு கையில் பந்தியில் பரிமாறுகிற தண்ணீர் ஜக்கு, இன்னொரு கையில் வாழையிலைத் துண்டில் குவியலாக உப்பு. ஒரு ஊருக்கே போதும்.

"எவ்வளவு போடணும்?" என்றார்.

"ரெண்டு சிட்டிகை."

என்னை மெல்ல எழுப்பி உட்கார வைத்துக் கலக்கிக் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் அம்மாவுக்கும் ஒரு டம்ளர். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில்: "ஒன்றரை மாசமா தினம் துணி தேய்ச்சீங்க. அவ்வளவு துணி யாருதுன்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன்."

"கோவமா?"

"இருக்கு. அத அப்புறம் பட்டுக்கறேன். இப்ப இன்னொரு டம்ளர் குடிங்க."

நானூறு பேரும் மங்கையர்க்கரசி அத்தையைப் பார்த்தார்கள். நானும்தான். அவர் அம்மாவிடம் சொன்னார்: "மறைச்சது எனக்குப் பிடிக்கல. அது ஆற நாளாகும். சும்மா சிரிச்சிட்டுப் போக மாட்டேன். ஆனா தாலி உக்காந்துதானே கட்டுறோம்? நிக்க வைக்கணும்னு நம்ம வீட்டுல யாரு கேட்டா?" பிறகு போட்டோக்காரரிடம் திரும்பி, "அந்த ரெண்டு நாற்காலியையும் முன்னாடி இழுத்துப் போடுப்பா" என்றார்.

மிச்சம் இருந்த ஒரு மணி நேரம் நாங்கள் உட்கார்ந்துகொண்டு வரவேற்றோம். வந்தவர்கள்தான் குனிந்து குனிந்து போட்டோவுக்கு நின்றார்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். பிளெஸ்ஸி அக்கா. முதலில் தண்ணீர், அப்புறம்தான் உதட்டுச் சாயம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மறுவீட்டுக்கு உறையூர் வந்திருக்கிறோம். பரிதி அப்பாவின் பழைய மனைப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு வடக்கு எல்லையில் ஏதோ தப்பு என்கிறார். அவர் கோபப்படுவதாகச் சொன்ன கோபம் புதன்கிழமை வந்தது. அரை நாள் பேசவில்லை. எனக்கு அது தேவைதான்.

படுக்கையறைக்குள் போனேன். மேற்குச் சுவரில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், குதிகாலை அரை அடி முன்னால் வைத்து. வியாழக்கிழமை டாக்டரைப் போய்ப் பார்த்து வந்தார்களாம். பக்கத்தில் மெத்தை. எதிரே, அடுக்களை ஸ்டூலில், கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்பா.

"உனக்கு நிஜமாவே தெரியாதாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கல்யாணமாகி ரெண்டாவது மாசம். அடுப்பு முன்னாடி நின்னவ செவுத்தோட சரிஞ்சு உக்காந்தா. நான் வாசப்படியில நின்னு பாத்துட்டேன். அவ பாக்கல. அடுத்த வாரம் ஸ்கூல்ல பழசெல்லாம் ஏலம் விட்டாங்க. ஸ்டூலத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப ஏன்பா ஒரு வார்த்தை கேக்கல?"

"மறைக்கணும்னு அவ அவ்வளவு பாடுபடறா. எனக்குத் தெரியும்னு எப்படிம்மா சொல்றது?"

அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அசையக் கூடாது என்பதால் அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"பேச்சுல நேரத்த விட்டுடாதீங்க" என்றாள். "நிமிஷத்தப் பாருங்க."

அம்மா: 11 நிமிடம்.